கடைவரம்பில் நின்று கண்ட அருவி

முட்டம் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது கடல்தான். கருத்த பாறைகளின்மேல் ஏறி உடையும் அலைகளும், மேட்டின் உச்சியில் நிற்கும் கலங்கரை விளக்கமும், 1981-ல் வெளிவந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ என்ற திரைப்படத்தின் மூலம், இக்கரையை நேரில் காணாதவர்களுக்கும் பரிச்சயமாகிவிட்டன. ஆகவே குமரி மாவட்டத்து அருவிகளையும் குளங்களையும் சுனைகளையும் பற்றி எழுத முற்படுகிறவன், நன்னீருக்கு எவ்விதத்திலும் பேர்போகாத இந்த மீனவ ஊரிலிருந்து தொடங்குவது பொருத்தமற்ற காரியமாகத் தோன்றக்கூடும். ஆனால் மலையைக் காண வருகிறவர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, அருவியில் நனைந்து, அணையின் மேல் உலவி, அன்று மாலையே திரும்பிவிடுகிற இன்றைய பிரயாண கிரமத்தில், தண்ணீர் அங்கிருந்து எங்கே போயிற்று என்று கேட்பவர் அநேகமாக எவருமில்லை. தண்ணீர் போய் முடிகிற இடத்தில் வாழ்கிறவனுக்கோ அந்தக் கேள்வி இயல்பாகவே உண்டு. அவன் அருவியைப் பார்க்கப் போவது, தன் கிணற்றுக்கு வந்து சேர்கிற அல்லது வந்து சேராமல் போகிற ஒன்றின் பூர்வோத்தரத்தை அறியப் போவதாகும்.

நாஞ்சில் நாடு என்று கிரமப்படி சொன்னால் தோவாளை, அகஸ்தீசுவரம் என்ற இரண்டு வட்டங்களே அதில் அடங்கும். முட்டம் அதற்கு மேற்கே கல்குளம் வட்டத்தைச் சேர்ந்தது. நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டரில் இருக்கும் இவ்வூரை நாஞ்சில் நாட்டோடு சேர்த்துப் பேசுவதே வெளியூரார் வழக்கம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தபோது, அரசின் எல்லை மாறியதே தவிர, நீரின் எல்லைகள் மாறவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தன் தென்கோடியில் கடலை இவ்வளவு நெருங்கி வருகிற காரணத்தால், இம்மாவட்டத்து ஆறுகள் எல்லாம் குறுகிய ஆயுளுடையவை. காலையில் மலையில் பெய்த மழையின் செய்தியை மாலைக்குள் கடலுக்குச் சொல்லிவிடக்கூடியவை. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் ஆகிய இரண்டும் இங்கே மழை தருகின்றன. அவற்றை ஒட்டியே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு நெற்பருவங்கள் ஏற்பட்டன. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையை எதிர்நோக்கி விவசாயி மகிழ்கிற அதே ஆனி ஆடியில், முட்டத்துக் கடலோடி கொந்தளிக்கும் கடலைப் பார்த்தபடி கரையில் அமர்ந்திருப்பான். ஒரே மேகம் ஒருவனுக்கு வேலையையும் மற்றவனுக்கு வேலையின்மையையும் கொண்டுவருகிற நாடு இது.

முட்டத்துக்கு மேற்கே, கடியபட்டணத்துக்கு அருகில், வள்ளியாறு கடலில் சேர்கிறது. நதிகளின் வரிசையில் இதற்கு யாரும் இடம் கொடுப்பதில்லை. பாட்டுடைத் தலைமையும் தீர்த்த மகிமையும் இதற்கு வாய்க்கவில்லை. வேளிமலையில் பிறந்து, தூவலாறு என்ற சிற்றோடையையும் சேர்த்துக்கொண்டு, தோப்புகளுக்கும் வயல்களுக்கும் இடையே தாழ்ந்து வருகிற இந்தச் சிற்றாறு, கோடையில் கடல்மணல் குவிந்து முகம் அடைபட்டு நின்றுவிடும். மழைக்காலத்தில் மணல் மேட்டை உடைத்துக்கொண்டு பாயும். அப்படி அடைத்தும் திறந்தும் கிடக்கிற முகத்துவாரத்தைக் கரையோர மக்கள் பொழி என்பார்கள். ஆனால் வள்ளியாற்றுக்குத் தன் பிறப்பிடத்து நீரைவிட முக்கியமான மற்றொரு வரத்து உண்டு. பத்மநாபபுரம் புத்தனாறு என்று வழங்கும் கால்வாயும் அதன் கிளைகளும் பாய்ச்சுகிற வயல்களின் வடிநீரெல்லாம் இதில்தான் வந்து விழுகிறது. புத்தனாறு தொடங்குவது பரளியாற்றின் குறுக்கே நிற்கும் புத்தன் அணையில். அந்த அணைக்கு நீர் தருவன பெருஞ்சாணி, பேச்சிப்பாறை ஆகிய இரண்டு அணைகள். ஆகவே முட்டத்தின் அருகில் கடலைத் தொடுகிற அந்தக் கலங்கலான நீரில், யானைகள் இறங்கிக் குடித்த கானகத்து ஓடைகளின் அம்சமும், நூறு வயல்களின் சேறும், கரையோரத்துப் பெண்கள் துவைத்த துணிகளின் சோப்பும் ஒருங்கே கலந்திருக்கின்றன. இந்த விருத்தாந்தத்தை அறிந்தபின், வள்ளியாற்றை அற்பமான ஓடை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கடியபட்டணத்துக் கரையில் ஒருமுறை, வீட்டு முற்றத்தில் வலையின் நைலான் நூலைப் பிரித்துக்கொண்டிருந்த வயது முதிர்ந்த மாது ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மலைப்பக்கம் போய் வந்தேன் என்று சொன்னதும் அவர் கேட்டது அருவியைப் பற்றியல்ல. “மக்களே, மலையில வெள்ளம் தொறந்து விட்டாச்சா?” என்று கேட்டார். “ஆமா பாட்டி, ஒண்ணாந்தேதியே தொறந்தாச்சு” என்றேன். “அப்பம் சரிதான். கெணத்துல உப்பு கொறைய இன்னும் கொஞ்ச நாளு ஆவும்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் நூலில் கண்ணை வைத்தார். பேச்சிப்பாறை அணையை அவர் பார்த்ததுண்டோ இல்லையோ, கேட்கத் தோன்றவில்லை. பெரும்பாலும் ஜூன் முதல் தேதி கன்னிப்பூவுக்காக அணை திறக்கப்படும் என்பதையும், அந்த நீர் கால்வாயாகி, வயலாகி, வடிகாலாகி, மணலுக்குள் கசிந்து தம் கிணற்றின் ருசியை மாற்றும் என்பதையும் அவருடைய நாக்கு அறிந்திருந்தது. பொறியியல் நூல்கள் படங்கள் போட்டு விளக்குகிற ஒரு பெரிய சம்பந்தம், அந்த முற்றத்தில் ஐந்தாறு சொற்களில் முடிந்துவிட்டது.

அந்தச் சம்பந்தத்தை எதிர்த்திசையில் தொடர்ந்து சென்றால், வேளிமலையைச் சுற்றிக்கொண்டு, ரப்பர் தோட்டங்களின் நிழலுக்குள் நுழைந்து, முதலில் பரளியாற்றங்கரைக்கு வருகிறோம். அங்கே புத்தன் அணையும் பாண்டியன் அணையும் அருகருகே இருக்கின்றன. பாண்டியன் அணை, அதன் பெயரே சொல்வதுபோல, பாண்டியர் காலத்தது என்பது மரபு. பரளியாற்றின் நீரைப் பாண்டியன் கால் என்னும் வாய்க்காலின் வழியே பழையாற்றில் கொண்டு சேர்த்து, மழை குறைந்த கிழக்குப் பகுதியை நெல்விளையும் நாடாக்கிய காரியம் அது. மேற்கே அரபிக்கடலுக்கு ஓடவிருந்த நீரைக் கிழக்கே திருப்பிய அந்தப் பெயரறியாத நிபுணர்களின் சாமர்த்தியத்தால்தான், நாஞ்சில் நாடு என்றதும் நெற்களஞ்சியம் என்று சொல்லும் பழக்கமே உண்டாயிற்று. புத்தன் அணை, திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா மகாராஜா காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில் எழுந்ததாகச் சொல்வார்கள். இவ்விரண்டு அணைகளும் பார்வைக்கு எவ்விதப் பிரமாண்டமும் அற்றவை. நீரை நிறுத்திச் சேமிப்பதைவிட, நீரைத் தடவித் திருப்புவதே இவற்றின் வேலை. பார்வையாளர் கூட்டம் இங்கே அவ்வளவாக வருவதில்லை என்பதில் எனக்கு வருத்தமுண்டு. இம்மாவட்டத்தில் காணத்தக்க இடம் ஒன்றே ஒன்றுதான் காட்ட முடியும் என்று நிர்ப்பந்தித்தால், நான் இந்த இடத்தையே காட்டுவேன்.

பேச்சிப்பாறை வேறு வகைப்பட்டது. கோதையாற்றின் குறுக்கே 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்த அந்த அணை, ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், அலெக்சாண்டர் மிஞ்சின் என்ற ஆங்கிலப் பொறியாளரின் மேற்பார்வையில் எழுந்தது. மூக்கன் துரை என்று நாட்டார் வாயில் வழங்கிய அவர் 1913-ல் மறைந்தார். அணையின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். வனதேவதையான பேச்சியின் பெயரைத் தாங்கிய பாறையோரம் அந்நியதேசத்தார் ஒருவர் நிரந்தரமாக உறங்குவதும், அவருடைய சமாதியை இவ்வூர் மக்கள் பக்தியோடு பார்ப்பதும், நீர் தந்தவனை எந்த ஜாதியான் என்று விசாரிக்காத நன்றியின் அடையாளம். 48 அடி என்பது அணையின் முழு அளவு. அந்த எண்ணைக் குமரி மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பின் கரையில் நின்றால், நீரின் நிறத்தில் மலையின் பசுமை இறங்கி, எது காடு, எது அதன் பிரதிபிம்பம் என்ற பேதம் சற்றே மறைந்துபோகும். அந்த சௌந்தரியத்தில் லயித்து நிற்பவர்கள், காணிக்காரப் பழங்குடி மக்களின் வாசஸ்தலங்கள் இந்த மலைகளில் இருப்பதையும், நீர்த்தேக்கமென்றால் நீருக்கடியில் ஒரு பூமி இருந்தாக வேண்டும் என்பதையும் மறந்துவிடலாகாது.

இந்த அணையில் கோதையாறு இரண்டு விதியை அடைகிறது. இடதுகரைக் கால்வாயில் இறங்கும் நீர், பரளியாற்றையும் புத்தன் அணையையும் அடைந்து, நாஞ்சில் நாட்டு வயல்களுக்கும் வள்ளியாற்றின் வழியாக நம் கரைக்கும் வருகிறது. ஆற்றின் சொந்தப் பாதையில் இறங்கும் நீரோ திற்பரப்பில் அருவியாகி, மூவாற்றுமுகத்தில் பரளியாற்றோடு கூடி, குழித்துறைத் தாமிரபரணி என்ற பெயரோடு தேங்காப்பட்டணத்தில் கடலை அடைகிறது. ஆகவே திற்பரப்பில் நம் தலைமேல் விழுகிற நீர், முட்டத்துக்கு வருகிற நீரின் உடன்பிறப்பே தவிர அதுவே அல்ல. கடைவரம்பிலிருந்து புறப்பட்டு வந்தவனுக்கு இந்த நுணுக்கம் முக்கியமானது. மதகின் பலகையை உயர்த்தியும் தாழ்த்தியும் ஒரு கை செய்கிற தீர்மானத்தில், இரண்டு கரைகளின் பாக்கியம் பிரிந்து போகிறது என்பதை அது உணர்த்துகிறது.

திற்பரப்பைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். குற்றாலத்தைப் போல நெடிய பாறையின் உச்சியிலிருந்து பாயும் பிரவாகமல்ல இது. ஏறத்தாழ 50 அடி உயரம் உள்ள அகன்ற பாறைச்சரிவில், நீர் பல துண்டுகளாகப் பிரிந்து, வழுக்கியும் குதித்தும் இறங்குகிறது. மேலே ஆற்றுப்படுகை முழுவதுமே கால் கிலோமீட்டருக்கு ஒரே பாறையாகக் கிடக்கிறது. அந்தப் பாறையின் மேலேயே, அருவிக்குச் சற்று முன்னதாக, ஒரு தடுப்பணை கட்டி வயல்களுக்கு நீரைப் பிரித்திருக்கிறார்கள். அங்கே தேங்கிய நீரில் இப்போது படகு விடுகிறார்கள். கீழே கூச்சலும் எண்ணெய்த் தேய்ப்பும் சிறுவர்களின் ஆரவாரமும் நிறைந்த உற்சவம். மேலே சற்றுத் தள்ளி, வாய்க்காலின் வாயில் ஓசையின்றி நுழைந்து வேலைக்குப் போகும் நீர். அருவியில் விழுவது, விவசாயிக்குக் கொடுத்ததுபோக எஞ்சியது. இதை அறிந்தவுடன் அருவியின் அழகு குறைந்துவிடும் என்று யாரேனும் நினைத்தால், அவர்களோடு நான் உடன்படமாட்டேன். உழைப்பதற்கு இடையே கிடைத்த ஓய்வில் ஒருவன் பாடுகிற பாட்டுக்கு உள்ள இனிமை, பாடுவதையே தொழிலாகக் கொண்டவனின் பாட்டில் எப்போதும் இருப்பதில்லை.

அருவியின் கரையில் உள்ள மகாதேவர் கோயில், சிவாலய ஓட்டத்துப் பன்னிரண்டு தலங்களில் ஒன்று. மகாசிவராத்திரியை ஒட்டி, காவி உடுத்தி, கையில் பனையோலை விசிறியோடு, முன்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடிகிற வரையில் ஓட்டமும் நடையுமாகச் செல்கிற பக்தர்கள், சிவாலயங்களைத் தரிசிக்கப் போகிறபோது “கோவிந்தா, கோபாலா” என்று முழங்கிக்கொண்டு போவது வெளியூராருக்கு ஆச்சரியம் தரும். எனக்கு அதைவிட ஆச்சரியம் தருவது வேறு. ஒவ்வொரு தலத்திலும் ஆற்றிலோ குளத்திலோ முழுகி எழுந்து, ஈரத்துணியோடுதான் சந்நிதிக்குள் போகவேண்டும் என்பது நியமம். பன்னிரண்டு ஆலயங்களைச் சுற்றிவருகிறவன், அந்தந்த ஊரின் நீரைத் தன் சருமத்தால் அறிந்துகொண்டே சுற்றிவருகிறான். எந்தக் குளம் வற்றியிருக்கிறது, எதில் பாசி மண்டியிருக்கிறது, எந்த ஆற்றின் நீர் குளிர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு ஓர் இரவும் பகலுமாகத் தெரிந்துவிடுகிறது. இதைக் காட்டிலும் நேர்மையான நீர்ப் பரிசோதனையை எந்த இலாகாவும் வகுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. மாசி மாதத்தில், மழை ஓய்ந்து நீர் இறங்கத் தொடங்கும் பருவத்தில், அது நடைபெறுவதும் கவனிக்கத்தக்கது.

மாத்தூர்த் தொட்டிப்பாலத்தைப் பார்க்காமல் திரும்புவோர் இல்லை. ஆகவே அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1966-ல் முடிவடைந்த அந்தப் பாலம், காமராஜர் ஆட்சிக்காலத்தில் தொடங்கிய முயற்சியின் பலன். பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்களின்மேல், ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்கு நீரைக் கொண்டுபோகிறது. ஆற்றின் மேலே மற்றொரு ஆறு நடந்துபோகும் அந்தக் காட்சியில் மனித எத்தனத்தின் கம்பீரம் இருக்கிறது. தொட்டியில் நீர் இல்லாத நாட்களிலும் கூட்டம் மட்டும் குறைவதில்லை.

மலையை விட்டு இறங்கிக் கிழக்கே திரும்பினால் குளங்களின் ராஜ்யம். இம்மாவட்டத்தில் 2,000-க்கும் மேற்பட்ட குளங்கள் உண்டு. ஏரி என்று சொல்லும் அளவுக்குப் பெரியவை சிலவே. பெரும்பாலானவை ஓர் ஊருக்கு ஒன்று, இரண்டு என்று அமைந்து, கால்வாய்த் தண்ணீரை வாங்கி வைத்துப் பகிர்ந்தளிக்கும் கைகளாக இருக்கின்றன. தேரூர்க் குளமும் சுசீந்திரத்துக் குளமும் வேம்பனூர்க் குளமும் குளிர்காலத்தில் தூரதேசத்துப் பறவைகளுக்கு விடுதியாகின்றன. 1971-ல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் செய்துகொள்ளப்பட்ட சர்வதேச உடன்படிக்கையின் கீழ், சுசீந்திரம்-தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்தவையாக அங்கீகாரம் பெற்றன. இதைக் கேட்டு அகமகிழாதவர் இருக்க முடியாது. ஆயினும் அதே தலைமுறையில்தான் நான்குவழிச் சாலை இம்மாவட்டத்துக் குளங்களின் ஊடே மண்கொட்டிச் சென்றது. நெல்வயல்கள் ரப்பருக்கும் வாழைக்கும் வீட்டுமனைக்கும் இடங்கொடுத்து மறைந்தன. வயல் போனபின் குளம் எதற்கு என்ற கேள்வி பிறக்கிறது. வயலும் குளமும் போனபின் வடிநீர் ஏது என்ற கேள்வியோ கரையில் இருப்பவர்களுக்கு மட்டுமே பிறக்கிறது. சாளையும் நெத்திலியும் பிடிக்கிறவனுக்கு நெல்வயலில் என்ன அக்கறை என்று உள்நாட்டார் நினைக்கலாம். கரையோரக் கிணறுகளின் நன்னீரில் ஒரு பங்கு, நெல்லின் காலடியில் நின்ற நீர்தான்.

இனிச் சுனைகளுக்கு வருகிறேன். உயரத்தில் இருக்கும் சுனை ஒன்றையும், கடலோரத்தில் இருக்கும் ஊற்று ஒன்றையும் சேர்த்து நினைப்பது என் வழக்கம். சிதறால் மலையின் உச்சியில், தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் செதுக்கிய பாறையின் கீழ், 9-ஆம் நூற்றாண்டிலேயே சமண முனிவர்கள் தவம் செய்த குகையின் அருகில், பாறைக்குழியில் நீர் தேங்கிக் கிடக்கிறது. சுற்றிலும் கல்லைத் தவிர வேறில்லாத இடத்தில், ஆசையை அடக்கிய அந்தத் துறவிகளுக்கும் தவிர்க்க முடியாத தேவை ஒன்று இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. முட்டத்தில் அத்தகைய பாறைச்சுனை இல்லை. இங்கே இருப்பது தேரி என்னும் செம்மண்மேடு. இரும்புத் துகள் படிந்து குருதி நிறம் பெற்ற மணல், காற்றால் காலங்காலமாகக் குவிந்து, மழையால் பள்ளத்தாக்குகளாகக் குடையப்பட்டு, சூரியாஸ்தமன வேளையில் எரிவதுபோலத் தோன்றும். அதன்மேல் பெய்யும் மழையில் ஒரு பங்கு அந்தக் குடைவுகளின் வழியே ஓடிவிடும். எஞ்சியது மணலுக்குள் இறங்கித் தங்கும்.

அப்படித் தங்கிய நீர் கடலோரத்தில் எவ்வாறு உப்பாகாமல் இருக்கிறது என்பது விந்தையான விஷயம். கடல்நீர் கனமானது, நன்னீர் இலேசானது. ஆகவே மணலுக்கடியில் நன்னீர், உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைபன் என்ற டச்சுக்காரரும், 1901-ல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும், தத்தம் நாட்டுக் கடற்கரைகளை ஆராய்ந்து, இதற்கு ஒரு கணக்கைக் கண்டார்கள். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். மேலே அந்த ஓர் அடி குறைந்துபோனால், கீழிருந்து 40 அடி உப்பு ஏறிவரும் என்பதே இக்கணக்கின் மறுபக்கம். குமரிக் கரைகளில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகப் பெருகக் குடிநீரில் உப்புக் கரிப்பதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது. மணலைக் கையால் அள்ளி ஆழமில்லாத ஊற்றுக்குழி தோண்டி, சிரட்டையால் முகந்து குடம் நிரப்பிய முன்னோர்கள், இந்தச் சூத்திரத்தை எழுதிவைக்கவில்லை. ஆனால் மேலே இருந்ததை மட்டும் மெல்ல எடுத்துக்கொண்டு, கீழே இருந்ததைத் தொந்தரவு செய்யாமல் வாழ்ந்தார்கள். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இம்மாவட்டத்தின் கரையைத் தாக்கிக் குளச்சலிலும் மணக்குடியிலும் ஏராளமான உயிர்களைக் கொண்டுபோனபோது, பிழைத்தவர்களின் கிணறுகளிலும் கடலை ஊற்றிவிட்டுப் போயிற்று. அவற்றை இறைத்து இறைத்து மறுபடியும் குடிநீராக்க மனிதர் பட்ட பாட்டோடு, மேலிருந்து பெய்த மழையும் மலையிலிருந்து வந்த கசிவும் சேர்ந்து உழைத்தன.

மலையிலிருந்து கடலுக்கு வருவது நீர் மட்டுமா? முட்டத்துக்கு மேற்கே மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் கருத்தும் சிவந்தும் மின்னும். மலைப்பாறைகள் யுகயுகமாகத் தேய்ந்து, ஆறுகளால் சுமந்துவரப்பட்டு, அலைகளால் சலிக்கப்பட்டுத் தங்கிய கனிமங்கள் அவை. 1909-ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயனி, திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருக்கக் கண்டு, அதன் பிறப்பிடத்தைத் தேடி இக்கரைக்கே வந்து சேர்ந்தார். அக்காலத்துக் காஸ் விளக்குகளின் வலைக்கு வேண்டிய தோரியம் அதிலிருந்து கிடைத்தது. ஐரோப்பிய நகரங்களின் வீதிகளில் எரிந்த வெளிச்சத்தில் ஒரு பங்கு, பெயரில்லாத மலையோடைகள் சுமந்த மண்ணிலிருந்து பிறந்தது என்று நினைக்கும்போது மனம் விம்முகிறது. அந்த மணலே இன்று அணைகளின் பின்னால் தங்கிவிடுகிறது. கரைக்கு வந்துசேரும் மண் குறைந்தால் கடல் ஊரைத் தின்னத் தொடங்கும். தின்னாமல் தடுக்கக் கல்லைக் கொட்டி அமைக்கும் தூண்டில் வளைவு வேண்டி, கரையோரத்து ஊர்கள் அரசிடம் வருஷந்தோறும் மனுக்கொடுத்துக் காத்திருக்கின்றன.

இத்தனையும் பார்த்துவிட்டு வந்தபின், ‘தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது’ என்ற வாசகத்தைப் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனத்தாங்கல் உண்டாகிறது. அதைச் சொல்பவர்கள் தீயவர்கள் அல்லர். வறட்சியைக் கண்டு நொந்த விவசாயிகளின் சார்பில் பேசுகிறார்கள். ஆனால் பொழியில் நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இடத்தில்தான் இறாலும் மடவையும் தம் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. ஆற்றின் சத்தை உண்ட நுண்ணுயிர்களைத் தேடியே சிறுமீன் கூட்டங்கள் கரைக்கு அருகில் வருகின்றன. கடலின் உப்பு உள்நாட்டை நோக்கி நகராமல் தள்ளிநிற்பது அந்த நீரின் அழுத்தத்தால்தான். கடலை நம்பி வாழ்கிறவர்களும் இந்நாட்டுக் குடிகள். அவர்களுடைய வயல் கடலில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்கிற நீருக்கு வீண் என்று பெயர் வைப்பது, பயிர் செய்கிற ஒருவனை நிலமற்றவன் என்று கணக்கில் எழுதுவதற்குச் சமானம். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது, மலையில் ரப்பர் மரங்களும் சமவெளியில் வாழைகளும் சாய்ந்தன. ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. துன்பத்தில் இம்மாவட்டத்தின் மலையும் வயலும் கடலும் ஒன்றென்பதை அந்த நாள் அறிவித்தது. நீரைப் பங்கிடும்போது மட்டும் அவற்றுள் ஒன்றை மறந்துவிடுவது எப்படி நியாயமாகும்?

குமரி மாவட்டத்தில் நாள்தோறும் காலைப் பத்திரிகையில் ஒரு சிறு கட்டம் வெளியாகிறது. பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை அடி, சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு, பொய்கை, மாம்பழத்துறையாறு, நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல் என்று வரிசையாக அணைகளின் நீர்மட்டம் அதில் அச்சாகும். தேநீர்க்கடையில் பத்திரிகையை விரிக்கும் பெரியவர்கள், அரசியல் செய்திக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார்கள். பேச்சிப்பாறையின் 48-க்கும் பெருஞ்சாணியின் 77-க்கும் இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று மனத்துக்குள் கணக்கிட்டு, கும்பப்பூவுக்குத் தண்ணீர் தேறுமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். அந்தக் கட்டத்தின் அடியில் இன்னும் இரண்டு வரிகளுக்கு இடமிருக்கிறது. வள்ளியாற்றுப் பொழி இன்று திறந்திருக்கிறதா, அடைந்திருக்கிறதா என்பது ஒன்று. முட்டத்துக் கரைக்கிணறு ஒன்றில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது, அதில் உப்பு எவ்வளவு என்பது மற்றொன்று. அளப்பதற்கு அதிகச் செலவாகாது. ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே கயிறும் ஒரு சிறு கருவியும் கொண்டு அளந்து சொல்லிவிடுவார்கள். பத்திரிகைக்காரர்கள் மனம் வைத்தால் வருகிற கன்னிப்பூப் பருவத்திலேயே தொடங்கலாம்.